நிற்றல், யோசித்தல், அக்கா

தோட்டம் வடிவமைத்துத் தருவது என் தொழில். ரோஜாக் கன்று என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வரும். எந்த மரம் எங்கே நிற்க வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், உட்காரும் கல்லில் நாலு மணி வெயில் படுமா என்றெல்லாம் பார்த்து, வரைந்து, ஆள் வைத்து முடித்துக் கொடுப்பவள் நான். முதலாளியும் நானே, வேலைக்காரியும் நானே. இந்தத் தொழிலில் லாபம் என்று ஒன்று வரும் என்றார்கள். எட்டு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வந்தபாடில்லை.

என் அலுவலகம் அக்கா வீட்டின் தெருப்பக்க அறை. மாமா, அதாவது அக்காவின் கணவர், கப்பலில் வேலை செய்கிறார். வருஷத்துக்கு இரண்டு மாதம் கரைக்கு வருவார். மீதிப் பத்து மாதமும் அந்த வீட்டில் அக்காவும் நானும்தான். அறைக்கு வாடகை என்று நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை, அக்காவும் கேட்டதில்லை.

நடுக்கடலில் மாமாவுக்கு என்ன ஞானோதயமோ தெரியவில்லை, ஒரு நாள் போன் செய்தார். ஒரு பல் டாக்டர் தெருப்பக்கம் அறை தேடுகிறாராம். நல்ல வாடகை தருவாராம்.

"உன் தங்கச்சியை நான் போகச் சொல்லல," என்றார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அதே வாடகையை அவ குடுத்தா அவளே இருக்கட்டும். மூணு மாசம் டைம். மூணாவது மாசக் கடைசித் தேதிக்குள்ள ஒரு மாச வாடகையை முழுசா எடுத்து வைக்கட்டும். முடியலன்னா டாக்டர் வந்துடுவார்."

"அப்ப இவ எங்க உக்காருவா?" என்று அக்கா கேட்டாள்.

"மாடிப்படிக்குக் கீழ ஒரு மேஜை போட்டா போச்சு."

மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் இருக்கின்றன. எட்டு வருஷத் தொழிலைக் கொண்டுபோய்ச் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார் என்று எனக்கு உச்சந்தலை சுட்டது. ஆனால் வீடு அவருடையது. மூன்று மாதத்தில் அந்த அறையைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பல் டாக்டருக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்த வாரமே டேப்போடு வந்துவிட்டார். மிகவும் சாதுவான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரை அளப்பார். ஜன்னலை அளப்பார். "நீங்க வேலையைப் பாருங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன்," என்பார். பிறகு என் வரைபலகைக்கு நேராக விரலை நீட்டி, "வாய் கொப்பளிச்சுத் துப்பற தொட்டி இங்க வரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுத்த புதனும் வந்தார். அதே சுவரைத்தான் அளந்தார்.

லாபம் ஏன் தங்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவேன். வாடிக்கையாளர் வரைபடத்தை ஆறு தடவை மாற்றச் சொல்வார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றுவேன், ஏழாவது தடவை முதல் வரைபடமே நன்றாயிருந்தது என்பார். இனி மொத்தத் தொகை கிடையாது, மணிக்கு இவ்வளவு என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த முடிவோடு நேராகப் போய் விழுந்தது நொடியார் வீட்டில்.

நொடியார் என்பது நான் வைத்த பெயர். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சோடு நின்றவர். ஒரு ஆள் ஒரு திருகை முடுக்க எத்தனை நொடி, அதில் எத்தனை நொடி வீண் என்று எழுதுவதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்றபின் அளக்க எதுவும் இல்லாமல் வாடிப்போயிருந்தார். வீட்டின் முன்னால் பெரிய வெற்றிடம், அதில் ஒரு குளமும் நிழலும் வேண்டும் என்றார்.

"மணிக்கணக்குலதான் காசு வாங்குவேன் சார்," என்றேன் விறைப்பாக.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் எந்த வாடிக்கையாளரிடமும் பார்த்ததில்லை. "மணிக்கணக்கா? ரொம்ப நல்லதாப் போச்சும்மா," என்று உள்ளே போய் இரண்டு ஸ்டாப்வாட்ச்சுகளை எடுத்துவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று காலை, மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். முதல் வாரக் கடைசியில் ஒரு சீட்டு கொடுத்தார். நிற்றல், நாலு மணி பத்து நிமிடம். தேநீர், முப்பத்தைந்து நிமிடம். தும்மல், கொட்டாவி, தலைமுடியை அவிழ்த்துக் கட்டுதல், பத்து நிமிடம். இதெல்லாம் கழித்து, வேலை செய்தது ஏழு மணி ஐந்து நிமிடம்.

"நிற்றல்னா என்ன சார்?"

"நீங்க நிக்கறீங்க இல்ல, கையைக் கட்டிக்கிட்டு. அது."

"நான் பாத்துக்கிட்டு நிக்கறேன் சார். வெயில் எங்க விழுது, காத்து எங்கேருந்து வருதுன்னு."

"வெயில் விழறதுக்கு நீங்க எதுக்கும்மா? அது தானா விழும்."

காதில் புகை வந்தது. வாதாடினால் வாதாடும் நேரத்தையும் கழிப்பார் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். வாடகை கண்முன்னால் நின்றது. இரண்டாவது வாரம் நான் நிற்கவே இல்லை.

நிற்காமல் எப்படித் தோட்டம் போடுவது? நடந்துகொண்டே வரைந்தேன். யோசிக்க வேண்டிவந்தால் கடப்பாரையை எடுத்து எங்காவது நாலு குத்து குத்திக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் தோன்றாத நேரத்தில் மண்ணை இங்கிருந்து அங்கே கொட்டினேன், பிறகு அங்கிருந்து இங்கே. குழி வெட்ட வந்திருந்த இரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு நாள் கூலி, நிற்பதற்கும் சேர்த்து. "இந்தம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ," என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்த வாரச் சீட்டில் நிற்றல் பூஜ்யம். தும்மல்கூட இல்லை. நொடியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்றாவது வாரம் குளம் முடிந்தது. சிமெண்டு பூசி, ஓரத்தில் கல் பதித்து, தண்ணீரும் விட்டாயிற்று. கடைக்குப் போயிருந்த நொடியாரின் மனைவி திரும்பிவந்து கேட்டைத் தள்ளினார். கேட் ஒரு சாண் திறந்து, குளத்தின் கல்லில் டங் என்று முட்டி நின்றது.

கேட் உள்பக்கமாகத் திறக்கும். எட்டு வருஷ அனுபவத்தில் நான் எந்த வீட்டிலும் முதலில் பார்ப்பது அதைத்தான். வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கேட் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பேன். இந்தத் தடவை நிற்கவே இல்லையே.

அம்மாள் இரண்டு கையிலும் பைகளோடு வெளியே நின்றார். கல்லைப் பெயர்க்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. பழக்கதோஷத்தில் நொடியார் அதையும் அளந்துவிட்டார்.

"இதை யார் கணக்குல எழுதப் போறீங்க?" என்று அம்மாள் கம்பிகளுக்கு நடுவிலிருந்து கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பட்டது.

நொடியார் படியில் உட்கார்ந்து பழைய சீட்டுகளை மடியில் பரப்பினார். முதல் வாரத்தைப் பார்த்தார், இரண்டாவது வாரத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். தப்பு என்னுடையதுதான், மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நிக்கறதும் வேலைதாம்மா," என்றார்.

"ஆமா சார்."

"அப்ப முப்பத்திரண்டு வருஷமா நான் கழிச்சது எல்லாம்?"

அதுவரை அவர்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன், கூடவே உட்கார்ந்து குடித்தேன், அன்றைக்கு அவர் வாட்ச்சைத் தொடவில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் நேர்மையான மனிதருக்குப் பாவ உணர்ச்சி வந்துவிட்டால் நம்மால் தாங்க முடியாது. மறுநாள் போன் செய்தார்.

"யோசிக்கறதும் வேலைன்னா, நீங்க வீட்டுல யோசிக்கறதும் வேலைதானே? அதுக்கு நான் காசே குடுக்கலையே. என் தோட்டத்தைப் பத்தி எங்கெல்லாம் யோசிக்கறீங்க?"

சும்மா இருந்திருக்கலாம். "குளிக்கும்போது, சாப்பிடும்போது, எப்பவும்தான் சார்," என்று வாயைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மடக்கு நாற்காலி, மூன்று ஸ்டாப்வாட்ச், நீண்ட நோட்டு. சனிக்கிழமை வரை, ஒன்பதிலிருந்து ஆறு வரை, அறையின் மூலையில் உட்காரப்போவதாகச் சொன்னார். தோட்டத்தைப் பற்றிய யோசனை வந்தால் நான் ஒரு விரலைத் தூக்க வேண்டும், போய்விட்டால் இறக்க வேண்டும்.

"யாருடி இவரு?" என்று அக்கா கதவருகில் நின்று கேட்டாள்.

"என் வாடிக்கையாளர்."

"எதுக்கு மூலையில உக்காந்திருக்காரு?"

"நான் யோசிக்கறதை அளக்கறார்."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுக்கு மூணு வாட்ச் எதுக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் அவரை ஏமாற்றுவதாகத்தான் இருந்தேன். வாடகைக்கு இன்னும் பாதிக்குமேல் வேண்டும், கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. ஒன்பது மணிக்கு விரலைத் தூக்கினால் ஆறு மணிக்கு இறக்குவது என்று திட்டம். விரலைத் தூக்கினேன். போன் அடித்தது.

தூரத்து உறவில் ஒரு சித்தப்பா. அவர் வீட்டு எலுமிச்சையின் இலை மஞ்சளாக இருக்கிறதாம். போன மாதமும் மஞ்சள்தான், ஆனால் இது வேறு மஞ்சளாம். வைத்ததும் இன்னொரு போன், பழைய வாடிக்கையாளரின் மைத்துனி. அவருக்கும் இலை. அதற்குப்பின் ஒருவர் பதினோரு இலைகளைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, ஒவ்வொன்றையும் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். இவர்கள் யாரிடமும் நான் ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு நிமிஷ விஷயத்துக்கு என்ன வாங்குவது? பதில் சொல்லச் சொல்ல என் விரல் தானாக இறங்கியது. மூலையில் மூன்றாவது வாட்ச் டிக் என்றது.

பென்சிலைத் தேடினேன். அது என் கொண்டையில் இருந்தது. நொடியாருக்குத் தெரியும், ஆனால் ஆய்வில் குறுக்கிடக் கூடாது என்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

நடுநடுவே அக்கா. ஒரு பாட்டில் மூடி திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி புது சோபா வாங்கியிருக்கிறாள், அது வாசலில் நுழையவில்லை, இரண்டு நாளாகத் தெருவிலேயே அதில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். அக்கா சொல்லும்போது சிரிப்பு அடக்க முடியாது. என் மேஜை ஓரத்தில் சாய்ந்து, அந்த சோபாவின் நிறத்திலிருந்து ஆரம்பிப்பாள். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்பாள். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல, நீ பாரு," என்பாள்.

புதன்கிழமை பல் டாக்டர் வந்து சுவரை அளந்தார். "டாக்டர், பதினொரு நிமிஷமா இந்த ஒரே சுவரை அளக்கறீங்க," என்றார் நொடியார். "சுவர் வளரலையே?"

டாக்டர் வெட்கப்பட்டார். "வீட்டுல போரடிக்குது சார்," என்றார் மெதுவாக. பிறகு இன்னும் இருபத்துநாலு நிமிடம் ஜன்னலை அளந்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நொடியார் நோட்டை மூடினார். அக்காவும் வந்து நின்றாள். அவர் எழுந்து நின்று, ஏதோ தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார். மொத்தம் ஐம்பத்துநாலு மணி. அவர் தோட்டத்துக்கு ஒன்பது மணி பத்து நிமிடம். காசு கொடுக்கும் மற்றவர்களுக்கு நாலு மணி. சாப்பாடு முதலியன நாலு மணி. பென்சில் ஒன்றேகால் மணி. டாக்டர் முப்பத்தைந்து நிமிடம். இலைகள், இலவசமாக, பதினெட்டு மணி இருபது நிமிடம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். எட்டு வருஷமாக என் லாபம் எந்த ஓட்டை வழியாகப் போயிற்று என்று அந்த நிமிஷம் தெரிந்தது. மஞ்சள் இலை தின்றிருக்கிறது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சித்தப்பாவை உதைக்கலாம் போலவும் இருந்தது.

"கடைசியா ஒண்ணு இருக்கு," என்று நொடியார் தாளைத் திருப்பினார். "அக்கா. பதினாறு மணி நாப்பது நிமிஷம். அதுல மூடி திறத்தல் இருபது நிமிஷம். பேச்சு பதிமூணரை மணி. வெறுமனே வந்து நிற்றல் ரெண்டு மணி அம்பது நிமிஷம்."

அக்கா கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"நான் பேசினதைக்கூடவா எழுதினீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதினாத்தாம்மா கணக்கு."

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நொடியார் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கும், முதல் வாரம் கழித்த நாலு மணி பத்து நிமிடத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். கழித்த தும்மலுக்கும் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையே எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். இலை பற்றிய கேள்வி முதல் ஐந்து நிமிடம் இலவசம், அதற்குமேல் காசு. வரைபடத்தில் இரண்டு தடவை மாற்றலாம், மூன்றாவதுக்குக் காசு. போக வர ஆகும் நேரத்துக்கும் காசு. அனுப்பியபின் நன்றாகப் பசித்தது. சித்தப்பா பதிலுக்கு, "இலை தானாகவே சரியாகிவிட்டது" என்று அனுப்பினார். அப்படிப் பல இலைகள் ஒரே நாளில் சரியாகின. ஆனால் ஏழு பேர் மறுபேச்சில்லாமல் பணம் கட்டினார்கள். இத்தனை வருஷம் கேட்டிருந்தால் இத்தனை வருஷமும் கட்டியிருப்பார்கள் போல.

அந்த வாரம் போல நான் ஒருபோதும் வேலை செய்ததில்லை. போன் இல்லை, பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். அக்காவும் வரவில்லை. பாட்டில் மூடியைத் துணி சுற்றிக் கதவிடுக்கில் வைத்துத் தானே திறக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டைத் தட்டில் மூடி என் அறை வாசலில் வைத்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் போய்விட்டாள். எதிர்வீட்டு சோபா என்ன ஆயிற்று என்று தெரியாமலே நாலு நாள் போயிற்று. கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். எழுந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் அறை போகும் என்று மறுபடி உட்கார்ந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

கடைசித் தேதி வந்தது. மத்தியானம் பணத்தை எண்ணினேன். என் கணக்கில் சரியாக நாலு மணி நேரக் கூலி குறைந்தது. திருப்பித் திருப்பி எண்ணினேன், நாலு மணிதான். அன்றைக்கு யாருக்கும் எந்த வேலையும் பாக்கி இல்லை. ஆறு மணிக்கு டாக்டர் முன்பணத்தோடு வருவதாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் ஏற்கெனவே ஓரமாக ஒதுங்கியிருந்தன.

நிமிர்ந்தால் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

அவள் உள்ளே வந்தாள். மேஜை ஓரத்தில் சாயவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியை இழுத்து, வாடிக்கையாளர் மாதிரியே விறைப்பாக உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். மாமா வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம்.

"ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு அந்த வாட்ச்காரர் குடுத்த சீட்டுல பாத்தேன். இது நாலு மணிக்கு இருக்கு. எண்ணிக்கோ."

"அக்கா, என்ன இது?"

"உன் நேரம்தானே. சும்மா எடுத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியாதுடி. பக்கத்துல ஆள் இருக்கே, பேசறோம்னு நெனைச்சேன்." பணத்தை என் பக்கம் தள்ளினாள். "இப்ப காசு குடுத்திருக்கேன். கேட்டுத்தான் ஆகணும். அந்த சோபாவை நேத்து ரம்பம் வெச்சு ரெண்டா அறுத்துட்டா."

"ரெண்டாவா?"

"பாதிதான் உள்ள போச்சு. மீதிப் பாதியில புருஷன் தெருவுல உக்காந்திருக்கான்."

நான் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சோபாவுக்காக மட்டும் வந்த தண்ணீர் இல்லை. முதல் ஐந்து நிமிடம் இலவசம் என்று அக்காவுக்கு நினைவூட்டினேன். தேவையில்லை, முழுசாக எடுத்துக்கொள் என்றாள். ஐந்து நாள் பாக்கி எல்லாவற்றையும் பேசினாள். ஐந்தரை மணிக்கு நாலு மணி நேரம் முடிந்தது. நான் அவள் பணத்தை என் பணத்தோடு சேர்த்து, ஒரு மாத வாடகையாக அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் எச்சில் தொட்டு எண்ணினாள்.

"சரியா இருக்கு," என்றாள். மாமாவுக்குப் போன் போட்டு, "அவ வாடகையை முழுசா வெச்சுட்டாங்க," என்று சொன்னாள். மாமா கப்பலிலிருந்து என்னைப் பாராட்டினார்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். அக்காதான் வாசலுக்குப் போனாள். அறை காலியில்லை என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, புதன்கிழமை வேண்டுமானால் வந்து அளந்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"டாக்டர் வந்தா நிஜ வாடகை வந்திருக்குமேக்கா," என்றேன்.

"வந்திருக்கும். அவர்கிட்ட போய் நாற்காலியில உக்காந்தா வாயைத் திறக்கத்தான் முடியும். பேச முடியுமா?"

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நானும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நாளைக்கு முதல் தேதி," என்றாள் அக்கா. "அடுத்த மாச வாடகைக்கு இப்பவே ஆரம்பிச்சுடலாமா?" என்று நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.